விடிய விடிய வில்லு, கைப்பேசித் திரையில்

ஏரல், குரும்பூர், ஆழ்வார்திருநகரி வட்டாரத்து ஊர்களில் கோயில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு உண்டு. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்ட, குடமும் உடுக்கையும் தாளமும் சேர்ந்துகொள்ள, சுடலைமாடனோ இசக்கியோ முத்துப்பட்டனோ, சாமியின் பிறப்பிலிருந்து கதை தொடங்கும். சாமி மாண்டுபோகும் கட்டத்தை நெருங்கும்போது நள்ளிரவாகிவிடும். சாமியாடிக்கு அருள் வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கதை தெரியாமல் இல்லை. அந்தக் கட்டத்துக்காகத்தான் விழித்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கலைக்கு இணையத்தில் ஆள் சேருமா என்று கேட்டால், சேர்ந்திருக்கிறது. யூடியூபில் ‘வில்லிசை’ என்று தேடினால் மணிக்கணக்கில் ஓடும் கொடைப் பதிவுகள் வந்து நிற்கின்றன. கோயில் முற்றத்தின் குழல்விளக்கு வெளிச்சம், நடுவில் கேட்கும் வெடிச்சத்தம், வரி கொடுத்தவர்களின் பெயர் வாசிப்பு எல்லாம் வெட்டாமல் அப்படியே இருக்கும். சென்னையிலும் தாராவியிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிற தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த வாசிப்பும் கொடையில் ஒரு பகுதிதான்.

வில்லுப்பாட்டு ஊரைத் தாண்டியது இது முதல் முறையல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைச் சென்னை மேடைக்குக் கொண்டுபோனார். சத்திரப்புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அவருக்கு எழுதிக்கொடுத்து, பிறகு தாமே பாடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியும் வில்லிசையை வீடுதோறும் கேட்க வைத்தது. இவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் மேடைக்கும் வானொலிக்கும் நேரக்கணக்கு உண்டு. விடிய விடியப் பாடிய கதை சுருங்கியது. சாமி கதை இருந்த இடத்தில் காந்தி கதையும் சமூகக் கருத்தும் வந்தன. அப்படிப் பறிபோன நீளத்தைத் திருப்பிக் கொடுத்தது, யாரும் எதிர்பாராத வகையில், இணையம்தான்.

இலக்கியத்திலும் இதற்கு இணை உண்டு. எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று, மகாபாரதத்தை மறுபடி சொல்லும் ‘வெண்முரசு’ நாவல் தொடரைத் தன் தளத்தில் தொடங்கி, நாளுக்கொரு அத்தியாயமாக எழுதி, 2020 ஜூலையில் 26 நாவல்களோடு முடித்தார். எந்த வார இதழும் அவ்வளவு பக்கம் ஒதுக்கியிருக்காது. சுருக்கமாகச் சொன்னால்தான் இணையத்தில் ஆள் வரும் என்று கலைஞர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையோடு இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. மகாபாரதம் அறிந்த வாசகரும், இசக்கி கதை அறிந்த கொடைக்காரரும் முன்பே இருந்தார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே படைப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

குறுகிய வடிவம் உலகத்தையே அழைத்துவரும் என்பதும் உண்மை. 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டு அதற்குச் சாட்சி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து பாடகர் அறிவு எழுதிய அந்தப் பாட்டு, அவரும் பாடகி தீயும் பாட, மொழி தெரியாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை என்பது பெரிய விவாதமானது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்குப் பணமே வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கான காதுகளை எட்டிய பாட்டுக்கே இந்த நிலை.

வில்லிசைக் குழுக்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கொடையைப் படம்பிடிப்பவர் ஒருவர், சேனல் வைத்திருப்பவர் ஒருவர், பாடியவர் வேறொருவர் என்றால் விளம்பர வருமானம் பாடியவர் கைக்கு எப்படி வரும்? காணொளி பார்த்து அடுத்த கொடைக்கு அழைப்பு வரலாம். அது நல்ல லாபம்தான். என்றாலும் தொண்டை கிழியப் பாடிய குரல் ஆண்டுக்கணக்கில் வேறொருவர் சேனலில் ஓடிக்கொண்டிருக்கும். அருள் வரும் கட்டத்தைப் படம்பிடிக்கலாமா என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கோயில்காரர்களும் சாமியாடியும்தான், கேமராக்காரர் அல்ல. சம்பளம் பேசி முன்பணம் வாங்கும் அன்றே, பதிவு யார் சேனலில் போகும், வருமானத்தில் பங்கு எவ்வளவு, எந்தக் கட்டத்தில் கேமராவை அணைப்பது என்ற மூன்றையும் பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது குழுக்களுக்கு நல்லது.