துண்டுக்கடியில் ஒரு மொழி

மொழிகள் பலவானால் வியாபாரம் முடங்கும் என்பது பொருளாதாரப் பொதுப்புத்தி. ஜேக்கப் மார்ஷாக் 1965இல் மொழியைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்ததும் செய்தி சிக்கனமாகப் போய்ச்சேர வேண்டும் என்ற கணக்கில்தான். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தமிழும் மலையாளமும் சிரமமின்றிக் கலந்து ஓடுகின்றன. விலை மட்டும் துண்டுக்கடியில், விரல்களில். பக்கத்தில் நிற்பவனுக்குப் போய்ச்சேரக் கூடாது என்பதற்காகவே உண்டான மொழி. பியர் பூர்தியு மொழியை மூலதனம் என்றார். பள்ளிக்கூடத்தைப் பார்த்த அளவுக்கு அவர் தரகர் துண்டைப் பார்க்கவில்லை, பாவம். மாட்டை வளர்த்தவன் கயித்தப் பிடிச்சிக்கிட்டு ஓரமா நிக்கிறான். வாங்குபவர் விரலில் சொன்னது எவ்வளவு, தரகர் வாயால் சொல்வது எவ்வளவு என்று அவன் எப்படிச் சரிபார்ப்பான்? இதை நாட்டார் வழக்காறு என்று வியக்கும் நம் ஆய்வாளர்கள் எந்த விரலுக்கு எவ்வளவு என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்த வித்தியாசத் தொகையை மட்டும் காணோம்.