இலண்டன் முழக்கமும் தோட்டத்து உறுமியும்

2007 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இலண்டனிலிருந்து ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் ‘கலா’. பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்னும் மூன்றெழுத்தாலேயே மேனாட்டார் அவரை அறிவர். ‘கலா’ என்பது அவர்தம் அன்னையாரின் பெயர். அதற்கு முன் 2005 இல் வந்த முதல் தட்டுக்கு, ஈழ இயக்கத்தில் தந்தையார் பூண்டிருந்த ‘அருளர்’ என்னும் பெயரை இட்டிருந்தார்.

இத்தகைய இசையை ஆடலரங்குக் கூச்சல் என்று ஒதுக்கிவிடும் தமிழாசிரியர் நம்மிடையே பலர். யானும் நெடுநாள் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. ஈப்போ கல்லுமலைக் கோயிலில் ஒரு தைப்பூசத்தன்று அந்த எண்ணம் சற்று ஆட்டம் கண்டது. காவடி ஒன்றின் முன்னே புந்தோங் பக்கத்து இளைஞர் உறுமி முழக்கி வந்தனர். பக்கத்தில் நின்ற என் பழைய மாணவன் தன் செவியிலிருந்த கருவியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். “சார், இதையும் கொஞ்சம் கேளுங்க. அதே அடிதான்” என்றான். கேட்டேன். பொய் சொல்லவில்லை. அஃது ‘பேர்ட் ஃப்ளூ’, அதாவது ‘பறவைக் காய்ச்சல்’ என்னும் பாட்டு, ‘கலா’வில் உள்ளது. வீட்டிற்கு வந்து தட்டு முழுவதையும் மும்முறை கேட்டேன். அதன்பின் எழுந்ததே இக்கட்டுரை.

உறுமியின் இயல்பைத் தமிழாசிரியர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இடை சுருங்கிய இருமுகத் தோற்கருவி அது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். தேய்க்கும்போது எழும் அந்த உறுமலே கருவிக்குப் பெயராயிற்று. மத்தளம் பேசும், தவில் முழங்கும் என்றால், உறுமி வயிற்றுக்குள்ளிருந்து முனகும். ‘பேர்ட் ஃப்ளூ’வின் சிறப்பு இம்முனகலை ஒப்பனையாக வைக்காமல் பாட்டின் முதுகெலும்பாகவே வைத்ததில் இருக்கிறது. மேனாட்டார் கீழ்நாட்டுக் கருவியை எடுத்தாளும்போது பெரும்பாலும் சாப்பாட்டின் மேல் கொத்துமல்லி தூவுவது போலத் தூவுவர். இங்கோ உறுமியை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. சிறுவர் கூச்சலும் கோழிக் கொக்கரிப்பும் அதன்மேல் ஏறி வருகின்றன. 2003 இல் வந்த ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டு ஒன்றின் பகுதியும் இதில் கலந்திருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடுச்சாமத்தில் நின்றவர்க்கு இவ்வோசைக் கலவை புதிதன்று.

இது எங்ஙனம் இலண்டன் ஆடலிசையாயிற்று? அதனை அறிய 1988 ஆம் ஆண்டுக்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாண்டுக் கோடையில் இங்கிலாந்தின் பாழடைந்த கிடங்குகளிலும் ஊர்ப்புற வயல்களிலும் இளைஞர் ஆயிரக்கணக்கில் கூடி விடியவிடிய ஆடத் தொடங்கினர். ‘ரேவ்’ என்று அக்கூட்டங்களுக்குப் பெயர். பாடகன் இல்லை, மேடை நாயகன் இல்லை, மின்னணுக் கருவியின் ஓயாத அடி மட்டுமே உண்டு. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் என்னும் பொதுவெளியில் பல்லாயிரவர் கூடிப் பல நாள் ஆடவே, அரசு விழித்துக்கொண்டது. 1994 இல் ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டம் தான் கட்டுப்படுத்த வந்த இசைக்கு இலக்கணமும் வகுத்தது: திரும்பத் திரும்ப வரும் அடிகளின் தொடர் என்பது அதன் சாரம். நாடாளுமன்றம் ஒன்று தாள அடிக்கு எதிராக இலக்கணம் எழுதிய விந்தையை வேறெங்கும் யான் கண்டதில்லை.

ஆயின் எழுதப்படாத சட்டம் நம்மிடமும் உண்டல்லவா? தொல்காப்பியர் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணினார். திணைக்கொரு பறை உண்டு என்று வகுப்பில் கற்பிக்கிறோம். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளை அடுக்கும்போது மாணவர்க்கு மனப்பாடமே செய்விக்கிறோம். அதே பறையை அடித்தவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினோம். கப்பலேறி மலாயா வந்த பின்னும், பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் அந்நிலை முற்றும் மாறிவிடவில்லை. தப்பு இல்லாமல் சாவும் இல்லை, திருவிழாவும் இல்லை. எனினும் தப்படிப்பவர் பந்தியில் எங்கே அமர்ந்தார் என்பதை முதியோர் அறிவர்.

‘கலா’வில் ‘எக்ஸ் ஆர் 2’ என்றொரு பாட்டு உண்டு. அக்கால இலண்டன் இளைஞர் விரும்பி ஓட்டிய சிறு மோட்டார் வண்டியின் பெயர் அது. 1992 ஆம் ஆண்டின் இரவுகளை அப்பாட்டு நினைவுகூர்கிறது. அப்போது மாதங்கிக்கு வயது 17. 1975 இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று, போரினால் 1986 இல் ஏதிலியாக அந்நகருக்கே திரும்பியவர் அவர். வளர்ந்த இடம் மிச்சம் பகுதியில் உள்ள ஃபிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட். நம்மவர் ‘எஸ்டேட்’ என்றதும் இரப்பர் மரத்தை நினைப்பர். அங்கே அச்சொல் ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டித் தந்த அடுக்குவீடுகளைக் குறிக்கும். சொல் ஒன்று, பொருள் இரண்டு; வாழ்வு மட்டும் அவ்வளவு வேறன்று.

இப்பாட்டில் ஏக்கம் உண்டு, இரக்கம் இல்லை. கடந்த காலத்தைப் பாடுவோர்க்கு வரும் கண்ணீர்க் குரல் இவர்க்கு வரவில்லை. அன்று ஆடியது போலவே இன்றும் ஆடிக்கொண்டு பாடுகிறார். தட்டிலேயே மிகக் குறைத்து மதிக்கப்பட்ட பாட்டு இதுவே என்பது என் துணிபு.

குறைகளையும் கூறிவிடுதல் முறை. ‘ஜிம்மி’ என்னும் பாட்டு 1982 இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ என்ற இந்திப் படத்தின் பாட்டைப் புதுச்சட்டை போட்டு நிறுத்தியது. சட்டைக்குள் புதிய ஆள் இல்லை. ‘பம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்திற்கு 1991 இல் இளையராஜா அமைத்த பொங்கல் பாட்டு துண்டு துண்டாக வருகிறது. அத்துண்டுகள் கேட்கும் செவியை மகிழ்விக்கின்றனவே தவிர, உறுமியைப் போலப் பாட்டைத் தாங்கவில்லை. இறுதியில் வரும் ‘கம் அரவுண்ட்’, அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலாந்துடன் செய்தது. தட்டு முழுவதையும் அவருடன் செய்வதே முதல் திட்டம். அமெரிக்கா நுழைவு அனுமதி தர மறுத்தமையால், சென்னை, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பல இடங்களில் அலைந்து பதிவு செய்தார். அந்த மறுப்பிற்கு நாம் நன்றி சொல்லலாம். ‘கம் அரவுண்ட்’ போலப் பன்னிரண்டு பாட்டு வந்திருந்தால் இன்று யாரும் அதைப் பற்றி எழுதார்.

உலகெங்கும் ஒலித்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ அந்த மறுப்பின் கசப்பிலிருந்து பிறந்தது என்று கேட்போர்க்குத் தோன்றும். வந்தேறி என்றால் திருடன், கொலைகாரன் என்று நினைப்பவர் மனத்தையே பாட்டாக்கித் துப்பாக்கி ஓசையும் கல்லாப்பெட்டி ஓசையும் சேர்த்து அவர்களிடமே திருப்பித் தந்தார். வஞ்சப்புகழ்ச்சி என்று நாம் அணியிலக்கணத்தில் கற்பிப்பதற்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு எளிதில் கிட்டாது. இதனை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு முகஞ்சுளித்தவர் பலர். அணி புரியாமற் போனது பாட்டின் குற்றமன்று.

சொற்கள் ஆங்கிலமாயிற்றே, இதனைத் தமிழிசை எனலாமா என்று கேட்பர். எனலாகாது என்பதே என் விடை. தமிழ்ச் சொல்லில்லாத இடத்தில் தமிழிசை என்று முத்திரை குத்துவது மொழிக்குச் செய்யும் நன்மையன்று. 2006 இல் நம் நாட்டின் யோகி பியும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ வெளியிட்டபோது தமிழ்ச் சொல்லையே அடுக்கடுக்காகத் தாளத்தில் ஏற்றிக் காட்டினர். அது தமிழ்ப்பாட்டு. ‘கலா’ தமிழ் அடியைக் கொண்ட ஆங்கிலப் பாட்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டியதில்லை.

எனக்குள்ள மனக்குறை வேறு. ரேவ் இசைக்காரர் ஓயாமல் எடுத்தாண்ட தாளத்துண்டு ஒன்று உண்டு. ‘வின்ஸ்டன்ஸ்’ என்னும் அமெரிக்கக் குழு 1969 இல் வெளியிட்ட பாட்டில் வரும் ஏறக்குறைய 6 விநாடி முழக்கம் அது. ஆயிரக்கணக்கான பாட்டுகள் அந்த 6 விநாடியின் மேல் எழுந்தன. அதை அடித்த கிரிகரி கோல்மன் உரிமைத்தொகை ஏதும் பெறாமல் 2006 இல் மறைந்தார்.

இதை என் மாணவனிடம் சொல்லி, ‘கலா’வை உருவாக்கியவர் யார் யார் என்று கேட்டேன். சுவிட்ச், டிப்லோ என்று மளமளவென்று சொன்னான். உறுமி அடித்தவர் யார் என்றேன். விழித்தான். எனக்கும் தெரியாது.

சுங்கை சிப்புட் பக்கத்தில் யான் பிறந்த தோட்டம் இன்று செம்பனைக் காடு. கோயில் மட்டும் நிற்கிறது. அம்மாவின் பெட்டியிலிருந்த பழைய திருவிழா அழைப்பிதழ் ஒன்றை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். தலைவர், செயலாளர், பொருளாளர், உபயதாரர் எல்லார் பெயரும் இருந்தன; நாதசுரக்காரர் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அடியில் ஒரு வரி: ‘தப்பு, உறுமி: உள்ளூர்’.