மிர்ராவின் நிறம்

போர்த்துக்கேயர் காலம் என்றதும் எங்கள் வகுப்பறைகளில் கறுவாவும் கோட்டைகளுமே பேசப்படுகின்றன. அவர்களது கப்பல்களில் மனிதரும் சரக்காயினர். அவ்வாறு மணிலா வழியாக மெக்சிக்கோவில் விற்கப்பட்ட ஆசியரைப் பற்றித் தத்தியானா செய்ஹாஸ் எழுதிய ஆங்கில ஆய்வுநூல் 2014இல் வெளிவந்தது. இந்தியர், ஜாவாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர் யாவருக்கும் அங்கே ஒரே பெயர்தான்: 'சீனோ', அதாவது சீனர். பிறந்த மண்ணும் பேசிய மொழியும் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்து போயின.

அந்நூல் காட்டும் மனிதருள் மிர்ரா என் மனதை விட்டகலவில்லை. மொகலாயர் ஆண்ட இந்தியாவில் பிறந்தவள். போர்த்துக்கேயர் கையில் சிக்கி, கொச்சியில் ஞானஸ்நானம் பெற்று, மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் கத்தரினா தெ சான் ஹுவான் ஆனாள். 1688இல் அவள் மரணித்தபோது ஊர்மக்கள் புனிதவதியென்றே போற்றினர்.

அவளது ஆன்ம குருவான அலொன்சோ ராமோஸ் என்ற இயேசு சபைத் துறவி 1689 முதல் 1692 வரை மூன்று தொகுதிகளில் அவள் சரிதையை எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத அவள், அவரது பேனா வழியாகவே பேசுகிறாள். அவரோ அவளை அரச குலத்தவள் என்கிறார். வெண்ணிறப் பேரழகியாக இருந்தவள், கற்பைக் காக்க வேண்டி மன்றாடியதால் இறைவன் மேனியைக் கறுக்கச் செய்தான் என்கிறார்.

அச்சரிதையின் உயிர்நாடி இதுவே என்பேன். கறுத்த அடிமைப்பெண் கறுப்பாகவே புனிதவதியாகலாம் என்று ராமோஸால் எழுத இயலவில்லை. முதலில் வெள்ளையாக்கிவிட்டே வணங்க முடிந்தது. அவளைப் பிடித்ததும் விற்றதும் அநீதியாக அல்லாது, மீட்புக்கான இறைசித்தமாகவே காட்டப்படுகின்றன. பின்னாளில் சமய விசாரணை மன்றம் நூலைத் தடைசெய்தது. அடிமைத்தனத்தின் பொருட்டல்ல, அதிலுள்ள மிகையான தெய்வீகக் காட்சிகளின் பொருட்டே.

1672இல் ஸ்பானிய அரசு சீனோக்களை விடுதலை செய்தது. அவர்களும் அமெரிக்கப் பழங்குடியினரைப் போல 'இந்தியர்' என்ற வாதமே அதற்கு வழி திறந்தது. ஒரு பெயர் விலங்கிட்டது, மற்றொரு பெயர் அவிழ்த்தது. அதே முடியாட்சி மிந்தனாவோ முஸ்லிம்களை அடிமைகொள்ள 1570இல் அனுமதித்ததையும் நாம் மறக்கலாகாது. ஸ்பானியர் அவர்களுக்கு இட்ட பெயர் 'மோரோ'. இலங்கைச் சோனகரைப் போர்த்துக்கேயர் 'மூர்' என்றதும் அதே சொல்லின் வழியேதான்.

பிறர் இட்ட பெயரைச் சுமக்கும் சமூகத்தவர் இந்நூலை வெறும் அயல்நாட்டுச் சரித்திரமாக வாசிக்க முடியாது. மிர்ராவின் சொந்தக் குரல் எங்கும் பதிவாகவில்லை. ராமோஸின் புகழ்மொழிகளுக்கு அடியில் அந்த மௌனத்தைக் கேட்பதே வாசகரின் பணி.