அல்ஹம்ப்ராவின் தொடக்ககால ஒளிப்படங்கள்: ஒரு மதிப்பீடு

ஸ்பெயினின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ப்ரா, ஐரோப்பாவில் எஞ்சியுள்ள இஸ்லாமியக் கட்டடக்கலையின் முதன்மையான சான்றுகளுள் ஒன்று. நஸ்ரித் அரசர்கள் 13ஆம் நூற்றாண்டு முதல் எழுப்பிய இந்த அரண்மனைக் கோட்டை, 1492இல் கத்தோலிக்க அரசர்களின் கைக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட இதன் ஒளிப்படங்கள், கட்டடத்தை உள்ளபடியே காட்டும் பதிவுகளாக நெடுங்காலம் மதிக்கப்பட்டன. அம்மதிப்பு ஓரளவே பொருந்தும்.

பின்னணி

டகேரோடைப் முறை 1839இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே, நண்பர் யூஜின் பியோவுடன் டகேரோடைப் கருவியைச் சுமந்துகொண்டு ஸ்பெயினுக்குப் பயணம் செய்தார். டகேரோடைப் ஒரே ஒரு படியைத்தான் தரும். அதை நூலில் அச்சிட வேண்டுமானால் செதுக்கோவியமாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது ஓவியர்கள் மனித உருவங்களைத் தாமாகவே சேர்ப்பதும் உண்டு. 1851இல் வந்த ஈரக் கொலோடியன் முறை, கண்ணாடித் தகட்டிலிருந்து பல படிகள் எடுக்க வழிசெய்தது. மாட்ரிட்டில் தொழில் நடத்திய சார்லஸ் கிளிஃபோர்டு, ஜான் லோரான் ஆகிய இருவரின் படங்கள் வழியாகவும் அல்ஹம்ப்ரா ஐரோப்பாவெங்கும் பரவலாக அறியப்பட்டது. கிளிஃபோர்டு 1862இல் அரசி இரண்டாம் இசபெல்லின் அந்தலூசியப் பயணத்தைப் படமெடுத்தவர்.

ஆளற்ற முற்றங்கள்

இப்படங்களில் ஒளியும் நிழலும் நுட்பமாகப் பதிவாகியுள்ளன. முகர்னாஸ் கூரைகளின் அடுக்குகளையும் சிங்க முற்றத்தின் மெல்லிய தூண்களையும் எந்த ஓவியரும் இவ்வளவு பொறுமையாகத் தீட்டியிருக்க முடியாது. ஆனால் பெரும்பாலான முற்றங்களில் ஆட்கள் இல்லை. தகட்டில் ஒளி பதிய நேரம் பிடித்ததால், அசைந்தவர்கள் பதிவாகாமல் போனது ஒரு காரணம். விற்பனைக்கு ஏற்ற காட்சி எது என்ற தேர்வு மற்றொரு காரணம். அந்நூற்றாண்டிலும் கோட்டை வளாகத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன. படங்களோ அதை எல்லோரும் கைவிட்டுப் போன கனவு மாளிகையாகக் காட்டின.

அரபு எழுத்துகளுக்கும் இதே நிலைதான். சுவர்களில் சுதையாலும் நீரூற்றின் பளிங்கிலும் கவிதைகள் பொறிக்கப்பட்டுள்ளன. நீரூற்றின் கவிதை இப்னு ஜம்ரக் இயற்றியது. படங்களின் தலைப்புகள் பெரும்பாலும் இடப்பெயரோடு நின்றுவிடுவதால், பார்ப்பவருக்கு அவ்வரிகள் கொடியும் பூவும் போன்ற அலங்காரமாகவே தோன்றின. ஒரு கட்டடம் தன்னைப் பற்றித் தானே சொல்வதை அப்படங்கள் காட்டின, படிக்க உதவவில்லை.

கிழக்கு மண்டபத்தின் குவிமாடம்

கேமரா பொய் சொல்லாது என்ற நம்பிக்கைக்குத் தக்க சோதனை சிங்க முற்றத்தில் உள்ளது. அலங்காரப் புதுப்பிப்பாளராக 1847இல் அமர்த்தப்பட்ட ரஃபேல் கொன்த்ரேராஸ், 1859இல் கிழக்கு மண்டபத்தின் மேல் வண்ண ஓடுகள் பதித்த குவிமாடம் ஒன்றை எழுப்பினார். ‘கீழைநாட்டுக் கட்டடம் இப்படித்தான் இருக்கும்’ என்ற அக்காலக் கற்பனையே அதன் அடிப்படை. அதன் பின் எடுத்த படங்களில் அது நஸ்ரித் காலப் பகுதிபோல இயல்பாக நிற்கிறது. பார்த்தவர்கள் ஐயப்படக் காரணமில்லை. 1934இல் கட்டடக்கலைஞர் லியோபோல்தோ தோர்ரெஸ் பால்பாஸ், எதிர்ப்புக்கிடையே, குவிமாடத்தை அகற்றிச் சாய்வான ஓட்டுக் கூரையை அமைத்தார்.

ஆக, கேமரா பொய் சொல்லவில்லை. தன் முன் நின்றதையே அது பதிந்தது. 1860களின் சுவரை 14ஆம் நூற்றாண்டுச் சுவராக வாசித்ததே பிழை.

மதிப்பீடு

இப்படங்களை நஸ்ரித் கலைக்கு நேர்ச்சாட்சியாகக் கொள்வதைவிட, புதுப்பிப்புப் பணிகளின் வரலாற்று ஆவணமாகக் கொள்வதே பொருத்தம். 1859க்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்தால், எது பழையது, எது சேர்க்கை என்பது விளங்கும். அதற்குப் படம் எடுக்கப்பட்ட ஆண்டு தெரிந்திருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாமல் இப்படங்களை மறுபதிப்புச் செய்யும் நூல்கள், கொன்த்ரேராஸின் கற்பனையை இன்றும் நஸ்ரித் அரசர்களின் கணக்கில் எழுதுகின்றன.