பதில் சொல்லாத நாவல்

கார்டிஃபில் எட்டு மாதம் இருந்தேன். ஒரு பொதுச்சேவை இணையதளத்தை ஆங்கிலம், வேல்ஷ் இரண்டிலும் கொண்டுவருகிற வேலை. வேல்ஷ் மொழிக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து கொடுத்த 2011-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே பொது அமைப்புகள் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. 'ரெண்டு மொழிதானே, ஒரு ஜேசன் ஃபைல் சேர்த்தா முடிஞ்சுது' என்று முதல் மீட்டிங்கில் சொன்னது நான்தான்.

முடியவில்லை. ஆங்கிலத்தில் எண்ணோடு வரும் சொற்றொடருக்கு ஒருமை, பன்மை என இரண்டு வடிவம் போதும். வேல்ஷுக்கு எங்கள் லைப்ரரி ஆறு கேட்டது: பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு, மற்றவை. அதைத் தாண்டினால் ஊர்ப் பெயர். கார்டிஃப் நகரம் வேல்ஷில் 'கைர்தீத்'. 'கார்டிஃபில்' என்று சொல்ல வேண்டுமென்றால் அது 'ஙைர்தீத்' என்று தலையை மாற்றிக்கொள்ளும். நம் மொழியில் புணர்ச்சி சொற்கள் சேரும் இடத்தில் நடக்கிறது. அவர்களுக்குச் சொல்லின் முதல் எழுத்தே முன்னால் வருகிற சொல்லைப் பார்த்து வேஷம் மாற்றுகிறது. ஆத்திசூடியைத் தாண்டி ங-வில் தொடங்கும் சொல்லை நான் பார்த்தது அந்த டிக்கெட்டில்தான். ஊர்ப் பெயரை வெட்டி ஒட்டுகிற என் நிரல் முழுக்கப் போனது.

சொக்கிப்போனேன். சாலையில் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் பெரிய வெள்ளை எழுத்தில் 'ஆராவ்' - மெதுவாகப் போ - என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். ஊர் திரும்பியதும் ஒரு நீளமான பதிவு எழுதினேன். 1536 சட்டம் நீதிமன்றத்திலிருந்து வேல்ஷை விரட்டியது, பள்ளியில் வேல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள், 1965-இல் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று கபெல் கெலின் என்ற வேல்ஷ் கிராமத்தை நீரில் மூழ்கடித்தார்கள், அந்த மசோதாவை வேல்ஸைச் சேர்ந்த ஒரு எம்.பி.கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. எல்லாம் உண்மைதான். 'பார், இவர்களும் நம்மைப் போலவே' என்ற ஒரே வாக்கியத்தைத்தான் நான் இரண்டாயிரம் சொல்லில் எழுதியிருந்தேன் என்பது பிற்பாடு புரிந்தது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

எங்கள் குழுவில் டெஸ்டராக இருந்த வடக்கு வேல்ஸ் பெண் கூகுள் மொழிபெயர்ப்பில் அதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். எங்கள் மொழியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாயே, அந்த மொழியில் எழுதிய ஏதாவது படித்திருக்கிறாயா? கூடவே ஒரு நாவலின் பெயரையும் அனுப்பினார்.

கராடோக் ப்ரிச்சர்டின் 'ஈன் நோஸ் ஓலா லெயட்'. 1961-இல் வந்தது. 'நிலா வெளிச்சத்தில் ஓர் இரவு' என்று தமிழில் சொல்லலாம். நான் படித்தது ஃபிலிப் மிட்செலின் 1995 ஆங்கில மொழிபெயர்ப்பு.

ப்ரிச்சர்ட் 1904-இல் பெத்தெஸ்டாவில் பிறந்தவர். பென்ரின் ஸ்லேட் குவாரியை நம்பி வளர்ந்த ஊர். ஊரின் பெயரே அங்கிருந்த ஒரு சேப்பலின் பெயர். குவாரித் தொழிலாளர்கள் 1900-இலிருந்து மூன்று வருடம் நடத்திய வேலைநிறுத்தம் தோற்றுப்போன மறுவருடம் அவர் பிறப்பு. பிறந்த ஐந்தாம் மாதம் அப்பா குவாரி விபத்தில் இறந்தார். பின்னால் அம்மாவுக்கு மனம் பிறழ்ந்தது. டென்பி ஊரின் மனநல விடுதியில் பல ஆண்டுகள் இருந்தார். மகன் பத்திரிகைக்காரர் ஆனார். 1927, 1928, 1929 என்று தொடர்ந்து மூன்று வருடம் தேசிய ஐஸ்டெத்வோத் கவிதைவிழாவில் மகுடம் வென்றார். பிறகு லண்டன் போய், ஆங்கில நாளிதழில் துணை ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே, கிட்டத்தட்ட அறுபது வயதை நெருங்கும்போது எழுதிய ஒரே நாவல் இது.

கதை சொல்ல ஒன்றுமில்லை. பெயர் தெரியாத ஒரு பையன். ஹ்யூ, மோய் என்று இரண்டு கூட்டாளிகள். முதல் வரியிலேயே ஹ்யூவை விளையாட அனுப்பச் சொல்லி அவன் அம்மாவிடம் கேட்கப் போகிறான். அதற்குப் பிறகு ஒரே நாளில் ஊரில் பார்த்ததை மூச்சு விடாமல் அடுக்குகிறான். வக்கிரம் பிடித்த வாத்தியார், வலிப்பு வந்து விழுகிறவர், குடி, அடிதடி, தற்கொலை. பையனுக்கு இது எதுவும் அதிர்ச்சியில்லை. நேற்றுப் பெய்த மழையைச் சொல்வதுபோலச் சொல்கிறான். மோய் காசநோயில் சாகிறான். ஹ்யூ தெற்கே நிலக்கரிப் பக்கம் குடும்பத்தோடு போய்விடுகிறான். அம்மாவை விடுதிக்குக் கூட்டிப்போகிறார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. அதற்கு 1847-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் வேல்ஸின் கல்வி நிலை பற்றி லண்டன் அரசு மூன்று பாகத்தில் அறிக்கை வெளியிட்டது. நீல அட்டை. விசாரித்தவர்கள் மூன்று இளம் ஆங்கில வழக்கறிஞர்கள். மூவருக்கும் வேல்ஷ் தெரியாது. பள்ளிகள் மோசம் என்றதோடு நிறுத்தாமல், மக்களின் மொழி முன்னேற்றத்துக்குத் தடை, சேப்பல் கூட்டங்கள் ஒழுக்கக்கேட்டுக்கு இடம், பெண்கள் நெறியற்றவர்கள் என்றும் எழுதிவைத்தார்கள். வேல்ஸ் கொதித்தது. 'நீலப் புத்தகத் துரோகம்' என்று இன்றும் அதற்குப் பெயர். (என் பதிவில் வந்த கழுத்து மரத்துண்டு அரசின் உத்தரவு இல்லை, பள்ளிகள் தாமாகச் செய்தது, அறிக்கையே அதைக் குறை சொல்லியிருக்கிறது. அதை நான் வசதியாக விட்டிருந்தேன்.)

கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்திலிருந்து பிறந்த வேல்ஸ் ஒரு விசித்திரமான வேல்ஸ். நாங்களா ஒழுக்கமற்றவர்கள்? பார், எங்கள் குவாரிக்காரன் வேலை முடிந்து கவிதை எழுதுகிறான், எங்கள் அம்மா வீட்டைக் கோவிலாக வைத்திருக்கிறாள், எங்கள் நீதிமன்றத்தில் வழக்கே இல்லை. விசாரிக்க வழக்கு இல்லாத நீதிபதிக்கு வெள்ளைக் கையுறை கொடுக்கிற வழக்கத்தை வைத்து, தங்கள் நாட்டையே 'வெள்ளைக் கையுறை நாடு' என்று அழைத்துக்கொண்டார்கள். படிப்பும் பக்தியும் உள்ள எளிய மக்கள் - 'குவெரின்' - என்ற தேசிய பிம்பத்துக்கு அந்த அறிக்கைக்குச் சொன்ன பதில் கொடுத்த வலு பெரியது. குற்றம் சாட்டியவன் போட்ட கேள்வித்தாளிலேயே நூறு வருடம் பரீட்சை எழுதினார்கள் என்று சொல்வேன்.

ப்ரிச்சர்டின் பையன் அந்தப் பரீட்சைக்கு வரவே இல்லை. அவன் ஊரில் பக்தி இருக்கிறது, பாட்டு இருக்கிறது. தெற்கிலிருந்து வந்த பாடகர் குழு மலையடியில் பாடும் அத்தியாயத்தை நான் மூன்று தடவை படித்தேன். அதே தெருவில்தான் நீல அறிக்கைக்காரர்கள் படித்திருந்தால் 'அப்பவே சொன்னோம்ல' என்று துள்ளிக் குதித்திருக்கக்கூடிய அத்தனையும் நடக்கிறது. யார் படிப்பார்கள் என்ற பயம் அந்தக் குரலில் இல்லை. தேசிய பிம்பப்படி சேப்பலுக்குப் போக வேண்டியவன், ஆங்கிலிக்கன் சர்ச்சுக்குப் போகிறான். மொழியைப் பற்றி ஒரு பெருமிதப் பேச்சும் கிடையாது.

அவன் பேசுவது பெத்தெஸ்டா வட்டார வேல்ஷ். தலைப்பிலேயே அது தொடங்கிவிடுகிறது: எழுத்து வழக்கில் 'ஓலாய்' என்று முடிய வேண்டிய சொல் வாய்ப்பேச்சின்படி 'ஓலா' என்று தேய்ந்திருக்கிறது. நடுவில் சில பக்கங்களில் கருங்குளத்தின் ராணி என்று ஒருத்தி பேசுகிறாள். அது வேறு வேல்ஷ். 1588-இல் வில்லியம் மார்கன் மொழிபெயர்த்த பைபிளின் கம்பீர வேல்ஷ், ஞாயிற்றுக்கிழமை வேல்ஷ். ஆங்கிலத்தில் இந்த ராணி பகுதிகள் எனக்குச் சலிப்பூட்டின, ஒளிக்காமல் சொல்கிறேன். பைபிள் நடை என்றால் ஆங்கிலத்தில் வெறும் பழைய நடை. வேல்ஷில் அப்படி இருக்காது. நீதிமன்றமும் அலுவலகமும் பறிபோன மொழிக்கு உயர்ந்த பேச்சு என்று மிச்சமிருந்த பெரிய இடம் அந்த பைபிள்தான். பையனின் பேச்சுக்கும் ராணியின் பேச்சுக்கும் நடுவில் ஒரு முழுச் சரித்திரம் கிடக்கிறது. இரட்டை வழக்கோடு வளர்ந்த நம்மவர் யாராவது வேல்ஷ் கற்று இதைத் தமிழில் செய்தால் ஆங்கிலத்தைவிட நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

சரி, என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. நாவல் வந்த மறுவருடம், 1962 பிப்ரவரி 13, சாண்டர்ஸ் லூயிஸ் பிபிசி வானொலியில் பேசினார். போகிற போக்கில் போனால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஷ் உயிருள்ள மொழியாக இருக்காது என்றார். அந்த உரையின் சூட்டில் மொழிச் சங்கம் பிறந்தது, இளைஞர்கள் சாலைப் பலகைகளில் பெயிண்ட் அடித்துச் சிறைக்குப் போனார்கள். நான் படம் எடுத்த 'ஆராவ்' அவர்கள் வாங்கித் தந்தது. ஆறு பன்மையோடு நான் மல்லுக்கட்டிய ஜேசன் ஃபைலும்தான். 2021 கணக்கெடுப்பில் வேல்ஷ் தெரிந்தவர்கள் 5,38,000 பேர், 17.8 சதவீதம். 1911-இல் இது 43 சதவீதத்துக்கு மேல். யாரோ ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இந்த நாவலைப் படிக்க இன்னும் ஆள் இருக்கிறது. ப்ரிச்சர்ட் பதில் சொல்லாமல் இருக்க முடிந்தது, அதை வேறு யாரோ செய்ததால்.

இருந்தாலும் நான் ப்ரிச்சர்ட் பக்கம்தான். ஏன் என்றால், டென்பி அத்தியாயம்.

அந்த விடுதி 1848-இல் திறந்தது, நீல அறிக்கை வந்த மறுவருடம். அதைக் கட்டியதற்கு ஒரு முக்கியமான காரணம் மொழி. அதுவரை வடக்கு வேல்ஸின் மனநோயாளிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. புத்தி கலங்கியவர்கள் வேல்ஷில் கலங்குவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. நாவலின் பையன் அம்மாவோடு அங்கே போகிறான். உள்ளே கூட்டிப்போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் உடைகளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அவன் கையில் கொடுக்கிறார்கள், மோதிரத்தையும் சேர்த்து. அவ்வளவுதான் அத்தியாயம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பொட்டலம் வந்தது. எனக்குப் பதினோரு வயது, அத்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அப்பா மஞ்சப்பையோடு திரும்பினார். கேட்பவர்களிடம் 'பெரியம்மா ஊருக்குப் போயிருக்கா' என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். தமிழைப் பற்றி, எங்கள் ஊரைப் பற்றி எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன். எதிலும் அத்தை இல்லை. அவள் வந்தால் எங்கள் ஊர் கெட்டுப்போகும் என்று எங்கோ நினைத்திருக்கிறேன்.

பழைய பதிவை நீக்கவில்லை. அதிலுள்ள மரத்துண்டு வாக்கியத்தை மட்டும் திருத்தினேன். டெஸ்டர் தோழிக்குப் படித்துவிட்டேன் என்று எழுதி, ராணி பேசும் பக்கம் ஒன்றை வேல்ஷில் வாசித்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். வாய்ஸ் நோட் வந்தது. வாசிக்கும்போது அவர் குரல் மீட்டிங்கில் கேட்ட குரல் இல்லை. நின்று, நீட்டி, ஏதோ பீடத்திலிருந்து பேசுவதுபோல. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பாதியில் பின்னாலிருந்து ஒரு குழந்தை 'மாம்' என்று கூப்பிட்டு என்னவோ கேட்டது. அவர் ராணியை நிறுத்திவிட்டு, சாதாரணக் குரலில், வேகமாக அதற்கு ஏதோ சொன்னார். அங்கே ரெக்கார்டிங் முடிந்துவிட்டது.