நான்கு வரி போதும்

மின்னஞ்சலின் அடியில் தானாக வந்து அமரும் கையொப்பம் சிறியதாக, வெறும் எழுத்தாக இருக்கும்போதுதான் அழகு என்பது என் கட்சி. 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பு, அதை நான்கு வரிக்குள் நிறுத்தச் சொன்னது; பலரும் நிமிடக் கணக்கில் இணைப்புக்குப் பணம் கட்டிய காலம் அது. அதைவிட நேர்த்தியானது கையொப்பத்துக்கு மேலே இடும் பிரிகோடு: இரண்டு சிறு கோடுகள், ஓர் இடைவெளி, பிறகு புது வரி. தண்டர்பேர்டு போன்ற செயலிகள் இதை அடையாளம் கண்டு, பதில் எழுதும்போது பழைய கையொப்பத்தை நீக்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் இடைவெளி விட்டுப்போனால் ஏற்பாடே குலையும். எவ்வளவு நுட்பமான மரியாதை!

இன்று இணைப்பு மலிவு, நிறுவனத்துக்கு முத்திரைப் படமும் வண்ணமும் வேண்டாமா என்று கேட்கலாம். ஆனால் பல செயலிகள் வெளியிலிருந்து வரும் படங்களை முதலில் தடுத்துவிடுகின்றன. பெறுபவர் காண்பது வெற்றுக் கட்டம். படமாக ஒட்டிய தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. மாற்று உரை இல்லாவிட்டால் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்கவும் முடியாது. சட்டம் விவரம் கேட்கிறதே என்றால், பிரிட்டனில் நிறுவன மின்னஞ்சல்களில் இருக்க வேண்டியவை பதிவுப் பெயர், எண், முகவரி போன்றவை. எல்லாம் எழுத்துதான். பெயர், பொறுப்பு, நிறுவனம், எண்: இவற்றை எழுத்தாகவே இடுங்கள், மேலே அந்தப் பிரிகோட்டையும் மறவாதீர்கள்.