வாசிகசாலையின் இரண்டு அலுமாரிகள்

அரியாலை போன்ற யாழ்ப்பாணத்து ஊர்களின் வாசிகசாலைகளிற் புகுந்து பார்ப்போர் ஒன்றை எளிதில் உணர்வர். அங்கு நூல்கள் இரண்டு சாதிகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஓர் அலுமாரியில் வரலாறும் அரசியலும் தத்துவமும் இருக்கும். அவற்றின் அட்டைகள் புதுமை குலையாதிருக்கும். மற்றைய அலுமாரியில் மர்மக் கதைகளும் மாந்திரீகக் கதைகளும் பேய்க் கதைகளும் இருக்கும். அவற்றின் அட்டைகள் கிழிந்து, ஓரங்கள் மடிந்து, கைபட்டுக் கறுத்திருக்கும். மக்கள் படிப்பது எது, படிக்க வேண்டுமென நாம் விரும்புவது எது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

முற்போக்கு இலக்கியகாரர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் இந்த இரண்டாவது அலுமாரியைக் கண்டு முகஞ்சுளிப்பதே வழக்கம். பேய்க் கதை மூடநம்பிக்கையை வளர்ப்பது, மக்களின் கவனத்தைத் திசைதிருப்புவது, ஆகவே பிற்போக்கானது என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. முதலாவது அலுமாரியைப் பற்றியோ யாரும் கேள்வி எழுப்புவதில்லை. ஐரோப்பிய கலாசார வரலாறென்றால் அது அறிவு; அதிற் குற்றம் காண என்ன இருக்கிறது என்பது நினைப்பு. இந்த இரு தீர்ப்புகளும் அவசரத் தீர்ப்புகள் என்பது நமது கருத்து. எந்த நூலும் எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதைக் கொண்டு முற்போக்கானதாகவோ பிற்போக்கானதாகவோ ஆகிவிடுவதில்லை.

முதலாவது அலுமாரியிலிருந்தே தொடங்குவோம். நேரு சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் ஓ. வி. அளகேசனின் தமிழாக்கத்தில் 'உலக சரித்திரம்' என வந்தமையும், வெ. சாமிநாத சர்மா 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' முதலிய நூல்களைத் தந்தமையும் நமது ஆசிரியர்களினதும் மாணவர்களினதும் உலகத்தை விரித்தன. இந்த நன்றியை மறத்தல் தகாது. ஆனால் இவ்வகை நூல்களைப் பின்பற்றி நம்மிடையே எழுந்த சிறு நூல்களும் பாடப் புத்தகங்களும் ஐரோப்பாவை ஓர் ஒளிவிளக்காக மட்டுமே காட்டின. இருண்ட காலம் முடிந்தது, மறுமலர்ச்சி வந்தது, லியனாடோ வரைந்தான், மனிதன் விழித்தான் என்று கதை நேராகச் செல்லும். அந்த மறுமலர்ச்சியின் நூற்றாண்டுகளிலேதான் சூனியக்காரிகளெனக் குற்றஞ்சாட்டப்பட்டு ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 வரையானோர் கொல்லப்பட்டனர் என்பதும், அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், சுவிற்சர்லாந்தின் கிளாறூஸ் பகுதியில் அன்னா கோல்டி என்ற வேலைக்காரப் பெண்ணின் தலை 1782 இலேயே வெட்டப்பட்டது என்பதும் அந்தக் கதையில் இடம்பெறுவதில்லை. 1782 என்றால் பிரெஞ்சுப் புரட்சிக்கு ஏழே ஆண்டுகள் முன்பு. 1860 இல் மறுமலர்ச்சிக் கால இத்தாலியின் நாகரிகத்தைப் பற்றி எழுதிய பேர்க்ஹாட் கூடத் தம் நூலின் இறுதிப் பகுதியிற் சோதிடத்தையும் சூனியத்தையும் விடாது பேசியிருக்கிறார். அதனைச் சுருக்கித் தந்தோரே அப்பகுதியைக் கழித்துவிட்டனர். கழித்தவற்றுக்குள்தான் பொதுமக்கள் இருந்தார்கள்.

அந்தப் பொதுமக்களை மீட்டெடுத்த வரலாற்றாசிரியருள் இத்தாலியரான கார்லோ கின்ஸ்பேர்க் முக்கியமானவர். வடகிழக்கு இத்தாலியின் பிரியூலிப் பகுதி உழவரிற் சிலர், குறித்த இரவுகளில் தம் ஆன்மா உடலைவிட்டு வெளியேறிச் சூனியக்காரருடன் விளைச்சலுக்காகப் போர் புரிவதாக நம்பினர். அவர்களைப் பற்றி அவர் 1966 இல் ஒரு நூல் எழுதினார். 1976 இல் வந்த 'பாலாடைக்கட்டியும் புழுக்களும்' அதே பகுதியின் மெனொக்கியோ என்ற மா அரைக்கும் ஆலைக்காரன் ஒருவனின் கதை. அவன் கையிற் கிடைத்தவை ஏறத்தாழப் பன்னிரண்டு புத்தகங்கள். சில வாங்கியவை, பல இரவல் பெற்றவை. பாலிலிருந்து கட்டி திரள்வதுபோல உலகம் திரண்டது, அதிற் புழுக்கள் தோன்றியதுபோலத் தேவதூதர் தோன்றினர் என்று அவன் சமய விசாரணை மன்றத்தின் முன் துணிந்து கூறினான். இருமுறை விசாரிக்கப்பட்டுப் பதினாறாம் நூற்றாண்டு முடியும் தறுவாயிற் கொல்லப்பட்டான். அவன் படித்த நூல்களில் அவன் சொன்ன கருத்து இல்லை. நூலை ஒரு பக்கமும் தன் ஊரின் வாய்மொழி அறிவை மறுபக்கமும் வைத்து அவன் அரைத்த மாவு அது. இரவல் நூல்களைப் படிக்கும் நமது வாசிகசாலை வாசகர் மெனொக்கியோவின் இனத்தவர் என்றே நாம் கருதுகிறோம். அவருக்கு எந்த நூலைக் கொடுத்தாலும் எழுதியவன் நினைத்ததையே அவர் எடுத்துக்கொள்வார் என எண்ணுவது படித்தவரின் அகந்தை.

ஐரோப்பிய கலாசார வரலாறு நமக்குக் கருவியாகப் பயன்பட்ட சந்தர்ப்பமும் உண்டு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்த க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும், கிரேக்க நாடகத்தையும் வீரயுகப் பாடல்களையும் சமுதாய அடிப்படையில் விளக்கும் முறையைக் கற்று, அதனைச் சங்கப் பாடல்களின்மீதும் பண்டைத் தமிழ் நாடகத்தின்மீதும் செலுத்தினர். அவர்களுக்குக் கிரேக்கம் வழிபாட்டுக்குரிய சிலையாக இருக்கவில்லை.

இனி இரண்டாவது அலுமாரி. நமது பண்டிதர் இதனைத் தொடமாட்டார். ஆனால் அவரே கலிங்கத்துப்பரணியை வகுப்பிற் கற்பிக்கிறார். போர்க்களத்திற் பேய்கள் கூழ் அட்டு உண்பதைச் சுவையோடு விளக்குகிறார். சோழப் பேரரசின் வெற்றியைப் பசித்த பேய்களின் வாயாற் சொல்ல வேண்டிய தேவை ஜெயங்கொண்டாருக்கு ஏன் வந்தது என்று மாணவர் கேட்டால் நன்றாயிருக்கும்.

ஐரோப்பியப் பேய்க்கதையின் பிறப்பை 1764 இல் வந்த வோல்போலின் ஒட்ராண்டோக் கோட்டைக் கதையிலிருந்து கணக்கிடுவர். எழுதியவர் பிரித்தானியப் பிரதமர் ஒருவரின் மகன். கதை பிரபுத்துவக் கோட்டைக்குள்ளேயே சுற்றுகிறது. அதில் நமக்கு அதிகம் அக்கறை இல்லை. நம் கவனத்திற்குரியது 1818 இல் மேரி ஷெல்லி வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்'.

இந்நாவலின் தோற்றத்தைப் பேய்க்கதைப் போட்டியாகவே பலரும் கூறுவர். 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததனால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற் கோடையே இல்லாமற் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டினுள் அடைபட்டிருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பைரன் கூறினான். இவ்வளவும் உண்மை. ஆனால் அதே பைரன், நெசவுத் தறிகளை உடைத்த தொழிலாளர்க்கு மரணதண்டனை விதிக்கும் சட்டத்தை எதிர்த்து 1812 இற் பிரபுக்கள் சபையிற் பேசியவன் என்பதையும், மேரி ஷெல்லி பெண்ணுரிமைக்காக 1792 இல் நூலெழுதிய மேரி வுல்ஸ்டன்கிராப்டின் மகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இந்நாவல் விளங்காது.

அதிலுள்ள பூதம் என்ன செய்கிறது? பிணங்களின் துண்டுகளால் ஆக்கப்பட்டு, ஆக்கியவனாற் கைவிடப்பட்டு, ஒரு குடிசையின் அருகே ஒளிந்திருக்கிறது. உள்ளே ஓர் அந்நியப் பெண்ணுக்குப் பாடம் சொல்லப்படுகிறது. பேரரசுகளின் அழிவைப் பற்றி வொல்னி எழுதிய நூல் உரத்துப் படிக்கப்படுகிறது. சுவருக்கு வெளியே நின்று அந்தப் பூதம் ஐரோப்பிய வரலாற்றைக் கற்கிறது. சொத்து பங்கிடப்பட்ட விதத்தையும், பெருஞ்செல்வமும் கொடுவறுமையும் அருகருகே இருப்பதையும் அறிகிறது. பின்னர் மில்டனையும் புளூட்டாக்கையும் கேத்தேயையும் தானே படிக்கிறது. இவ்வளவு கற்றபின்னும் வாசலுக்கு வந்தபோது அடித்துத் துரத்தப்படுகிறது. நமது இரண்டு அலுமாரிகளும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன: பேய்க் கதையின் நாயகனே கலாசார வரலாற்றின் வாசகன்!

யாழ்ப்பாணத்து ஆசிரியர்க்கு இப்பகுதியை விளக்கவேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் வகுப்பிற்குள் நிலத்திலும், சில இடங்களில் வெளியிலும் இருந்து பாடங் கேட்ட காலம் நம் குடாநாட்டில் இருந்தது. 1930 அளவிற் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படவேண்டுமென்ற நிலை வந்தபோது உயர்சாதியாரின் எதிர்ப்பிற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. சுவருக்கு வெளியே நின்று கற்றவனை நாம் ஜெனீவாவிற் போய்த் தேடவேண்டியதில்லை.

இந்நாவலைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழுக்குக் கொணர்ந்தவர் புதுமைப்பித்தன். முசோலினியின் வரலாற்றைப் 'பேஸிஸ்ட் ஜடாமுனி' என எழுதியவரும் அவரே. ஐரோப்பாவின் சர்வாதிகாரிக்கு அவர் நம்மூர்ப் பேயின் பெயரையே சூட்டினார் என்பதைக் கவனிக்க. வரலாற்றையும் பேயையும் தனித்தனி அலுமாரியில் வைக்க மறுத்த எழுத்தாளர் தமிழில் இருந்தார் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை. அவருடைய 'காஞ்சனை' 1943 இல் வெளிவந்தது. நடுத்தர வர்க்கத்து எழுத்தாளன் வீடு. அங்கே வந்துசேரும் பிச்சைக்காரி. அவளை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்ளல். அதன்பின் இரவுகளிற் கணவனைப் பிடிக்கும் பீதி. பேய் உண்டா இல்லையா என்று கதை தீர்ப்புக் கூறுவதில்லை. அதனாலேயே சிலர் இதனை அவரது நம்பிக்கை வறட்சிக்குச் சான்றாகக் காட்டினர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. தெருவில் நின்றவரை ஒரு முழக் கதவால் விலக்கி வைத்து, கூலியில்லா உழைப்புக்கு மட்டும் உள்ளே அழைக்கும் ஒரு வீட்டின் குற்றவுணர்வே அப்பீதியின் வேர் என்று நாம் வாசிக்கிறோம். கதையின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு கணமேனும் அவர் பார்க்கவில்லை. அவள் யாருடைய மகள், எந்த ஊரிற் பட்டினி கிடந்தாள் என்பது எழுத்தாளனுக்குத் தேவைப்படவேயில்லை.

வாரப் பத்திரிகைகளின் மாந்திரீகத் தொடர்களை இதனோடு ஒப்பிட்டால் வேற்றுமை புலனாகும். அவற்றிற் பெரும்பாலானவற்றில் நம்பாதவன் தண்டிக்கப்படுவான். கோயிற் சொத்தைக் கேள்வி கேட்டவனைப் பாம்பு கடிக்கும். கடைசியிற் பழைய அதிகாரம் மேலும் உறுதியாக அமர்ந்துகொள்ளும். பேய் அங்கே காவற்காரன். இவற்றைக் கண்டிப்பதில் நாம் தளரவேண்டியதில்லை. வெளிநாட்டுச் சரக்கும் இவ்வாறு சிதைந்ததுண்டு. சாட்டிஸ்ட் இயக்கத்தில் மேடையேறி முழங்கியவரும், ஓநாய் மனிதன் கதை எழுதியவருமான ஜோர்ஜ் றெயினோல்ட்ஸின் நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் தழுவினர். கள்ளனும் கொலையும் கப்பலேறி வந்தன. தொழிலாளர் அரசியல் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

பேயைப் பகுத்தறிவுப் பிரசங்கத்தால் ஓட்டிவிடலாம் என நம்புவோர் நம்மிடையே உளர். அவர்கள் கொத்தியின் வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நலம். பிள்ளைப்பேற்றோடு தொடர்புடைய கொத்திப் பேயை அஞ்சி யாழ்ப்பாணத்துத் தாய்மார் கழிப்புக் கழித்த காலத்தில் அந்த அச்சம் வெறும் கற்பனையா? 1930 களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஐம்பதுக்கும் கீழே. ஊரூராக மருத்துவிச்சி வந்தாள், பிரசவ விடுதி வந்தது, மலேரியா அடங்கியது, கொத்தியும் பின்வாங்கினாள். அவளை ஓட்டிய பிரசங்கி எவருமில்லை. அவளைப் பற்றி எழுதப்படும் நல்ல கதை அந்த இறந்த தாய்மாரைப் பற்றிய கதையாகவே இருக்க முடியும். இலங்கையின் நல்ல சமூக வரலாறும் அவளை ஓர் அத்தியாயத்திற் பேசியே ஆகவேண்டும்.

இவ்விடத்தில் அரியாலைக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. சுடலையை அடுத்த வெளியைச் சாமத்திலே தனியே கடக்க அஞ்சுதல் நம் ஊர்களுக்குப் பொதுவான பழக்கம். 1996 இல் குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் காணாமற் போயினர். 1998 இற் பாடசாலை மாணவியொருத்தியின் கொலை வழக்கிற் குற்றவாளியாகக் காணப்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவர், செம்மணியிற் பலர் புதைக்கப்பட்டுள்ளனர் என நீதிமன்றத்திற் கூறினார். 1999 இல் அகழ்ந்தபோது 15 உடல்கள் கிடைத்தன. பின்னர் நீண்ட மௌனம். 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்திலே கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளையின்படி நடந்த அகழ்வில் அவ்வாண்டு செப்டெம்பருக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. சிறுவரின் எலும்புகளும், ஒரு பாடசாலைப் பையும், விளையாட்டுப் பொம்மையும் அவற்றோடிருந்தன.

இதைக் கண்டு நமது இளம் எழுத்தாளர் பேய்க்கதை எழுதத் துடிப்பர் என்பதை நாம் அறிவோம்; சிலர் தொடங்கியும் இருக்கலாம். அவர்களிடம் ஒன்று கூற விரும்புகிறோம். மண் மூடிக் கிடந்த காலத்தில், சாட்சி சொல்ல அஞ்சிய காலத்தில், ஆவியாக வந்து பேசும் இறந்தவன் இலக்கியத்திற்கு ஒரு நேர்மையான உத்தியாக இருந்திருப்பான். இன்று மண் திறந்திருக்கிறது. அங்குள்ளவர்கள் ஆவிகள் அல்லர்; இலக்கமிடப்பட்ட சான்றுப் பொருள்கள். அவர்களை வெண்ணிற ஆடையுடுத்திப் பனங்கூடலில் உலாவவிடும் கதை, எவர் புதைத்தார் என்ற கேள்வியைப் புகைமூட்டத்தில் மறைத்துவிடும். மேரி ஷெல்லி தன் பூதத்தைப் பேசவைத்தபோது அதனை ஆக்கியவனின் பெயரையும் ஊரையும் தொழிலையும் மறைக்கவில்லை. நூலின் தலைப்பே அவன் பெயர்தான்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பின் ஊர் வாசிகசாலைகளிற் சேர்ந்த ஒவ்வொரு நூலும் எவரோ சுமந்து வந்தது. சித்துப்பாத்தியைப் பற்றிய நூல் இன்னும் அந்த இரண்டு அலுமாரிகளில் எதிலும் இல்லை. அதனை எழுத முன்வருவோர், அகழ்வு அறிக்கைகளையும், மகனைத் தேடி வாசல்தோறும் அலைந்த தாய்மாரின் வாக்குமூலங்களையும் முதலிற் படிக்கவேண்டும். கதையாக எழுதுவதா, வரலாறாக எழுதுவதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.